எருமையும் சம்பந்தியம்மாவும்

ஜனவரி 6

சம்பந்தியம்மாவுக்கு,

பொண்ணைக் குடுத்துட்டுச் சும்மா இருக்கத் தெரியாத கிழவன் எழுதறது. நான் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் உங்களை மாதிரி, எப்பப் பாத்தாலும் எம்மேல கோவமாவே இருக்கு.

முதல்ல நல்ல சேதி. போன கடுதாசில நீங்க, அந்தக் கார் விஷயத்தைச் சீக்கிரம் முடிச்சிடுங்கன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் எனக்கு நம்பிக்கை வரலை. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு மறுபடி படிச்சேன். அதேதான். காருன்னு சொன்னாலே பாம்பை மிதிச்ச மாதிரி குதிக்கறவங்க, இப்ப 'சீக்கிரம்'னு வேற சேத்திருக்கீங்க! அன்னிக்கே எதிர்வீட்டுக் கம்பவுண்டரைப் பிடிச்சு மாப்பிள்ளைக்குப் போன்ல சேதி தட்டிவிடச் சொன்னேன். "உங்கம்மா பச்சைக்கொடி காட்டியாச்சு, என் மகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க"ன்னு. மார்ச் மாசம் லீவு கிடைச்சிருக்காம்.

வண்டி எப்படி இருக்குன்னு நீங்க கேக்கலை. இருந்தாலும் சொல்றேன். உங்க பையன் கடல் கடந்து வாங்கி அனுப்பின இந்த அமெரிக்கா வண்டிக்கு என் கல்யாணத்தைவிட வயசு ஜாஸ்தி. கண்டெய்னரைத் திறந்தப்ப உள்ளேர்ந்து ஒரு எலி இறங்கிச்சு. அதுவும் அந்த ஊரு எலிதான் போல, எங்களை மதிக்காம நடந்தே போச்சு. ரெண்டே கதவு. மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். எட்டு சிலிண்டர் இஞ்சின். ஸ்டியரிங் நம்ம ரோட்டுக்குத் தோதில்லாத பக்கம். நீங்க முன்னாடி ஏறி உக்காந்தா, டிரைவர்னு நினைச்சு போலீஸ்காரர் உங்ககிட்டத்தான் லைசென்ஸ் கேப்பாரு. கறுப்பு நிறம், கொழுத்த உடம்பு, தள்ளினாலும் நகராத பிடிவாதம். எருமைன்னு பேர் வெச்சுட்டேன்.

கீழ்த் தகரம் பூராவும் துரு. சீட்டுல உக்காந்தா கால் ரோட்டுல நடக்கும், அப்படி. அதையெல்லாம் வெட்டி வீசிட்டுப் புதுத் தகரம் வெல்டு வெச்சாச்சு. இஞ்சினை இறக்கிக் கழுவி ஏத்தியாச்சு. முந்தாநாள் சாவியைத் திருப்பினேன். சுத்தியல் தட்டித் தட்டிக் காது செத்துப்போனவன் நான். எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கங்க.

போன் பண்ணாதீங்க. நீங்க பேசறது எனக்குக் கேக்காது, நான் பேசறது தெருவுக்கே கேக்கும். எழுதுங்க.

உங்க சம்பந்தி


ஜனவரி 14

சம்பந்தி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

முடித்துவிடுங்கள் என்று நான் எழுதினால், அதைத் தலைமுழுகுங்கள் என்று அர்த்தம். ஒரு பீடையை முடித்துவிடு என்றால் அதற்குப் புதுத் தகரம் வைத்துச் சாவியைத் திருப்பு என்றா யாராவது எடுத்துக்கொள்வார்கள்? பச்சைக்கொடி காட்டினேனாம்! தையல்காரி என் கையில் இருப்பது கத்தரிக்கோல்தான், கொடி அல்ல.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் சிரிப்பதை நிறுத்த வேண்டும் என்பதற்காக. என் வீட்டுக்காரர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியவர். மார்க்கெட்டுக்கு இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரைக்கும் போய்விட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் பிறகு சொன்னார். மறுபடி மறுபடி மிதித்தாராம். கீழே சுவர். ரொட்டியெல்லாம் ரோட்டில் கிடந்தது. அதைப் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தார்கள், யாரோ நல்ல மனதுக்காரர்கள். அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

பையன் அப்போது மூன்றாம் வகுப்பு. சைக்கிள் கேட்டு அழுதான், வாங்கித் தரவில்லை. காலேஜுக்கு பஸ்ஸில் போனான். வெளிநாட்டுக்குப் போனால் பிழைத்துக்கொள்வான் என்று அனுப்பினேன். அங்கே போய் என்ன வாங்கியிருக்கிறான் பாருங்கள்.

அந்த வண்டியை எடைக்குப் போடுங்கள். அவன் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவன் டிக்கெட் எடுத்துவிட்டான் என்று உங்கள் மகள் போனில் சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அன்று முழுவதும் ஒரு சட்டைக் கைப்பட்டிகூட நேராக வரவில்லை, பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.


ஜனவரி 21

சம்பந்தியம்மா,

கோவிச்சுக்காதீங்க. ரெண்டு அர்த்தம் இருக்கற வார்த்தையை எங்கிட்ட எழுதினா, நான் எனக்குப் பிடிச்ச அர்த்தத்தைத்தான் பொறுக்கி எடுப்பேன். பிறவிக் குணம். கட்டையோடதான் வேகும்.

ஆனா ரொட்டி வேன் சமாச்சாரத்தைப் படிச்சுட்டு நான் சிரிக்கலை. பட்டறையில போய் விளக்கைப் போட்டேன். அப்புறம் எருமைக்கு அடியில படுத்து பிரேக்கைப் பாத்தேன்.

சொல்றேன் கேளுங்க. அந்தக் காலத்து வண்டிங்கள்ல நாலு சக்கரத்துக்கும் சேத்து ஒரே எண்ணெய் லைன்தான். மிதிக்கிறோம், ஒரே பிரேக் சிலிண்டர்லேர்ந்து நாலு பக்கமும் எண்ணெய் ஓடும். எங்கயாவது ஒரு இடத்துல ஓட்டை விழுந்தா நாலும் போச்சு. உங்க வீட்டுக்காரர் வேன்லயும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் மிதிச்சதுல தப்பே இல்லை. மிதிக்கறதுக்கு உள்ள ஒண்ணும் இல்லாமப் போச்சு.

எருமைக்கும் ஒத்தை லைன்தான். அதைப் பிடுங்கிப் போட்டுட்டு ரெட்டைச் சிலிண்டர் மாட்டறேன். முன் சக்கரத்துக்குத் தனி லைன், பின் சக்கரத்துக்குத் தனி லைன். அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரி. ஒருத்தன் கவுந்தாலும் இன்னொருத்தன் வீடு நிக்கும். முன்னாடி பழைய டிரம் பிரேக்கைக் கழட்டிட்டு டிஸ்க் பிரேக்கும் போடறேன்.

மாப்பிள்ளைக்கு இதுல திருப்தி இல்லை. அவர் அங்கேர்ந்து ஒரு பெட்டி அனுப்பியிருக்காரு. பெரிய கார்பரேட்டர், என்னென்னவோ குழாய். மாட்டினா எருமை குதிரையாயிடுமாம். "மாமா, முதல்ல இஞ்சின், அப்புறம் மத்தது"ன்னு சேதி. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு முதல்ல நிறுத்தத் தெரியணும்னு பதில் போட்டேன். பெட்டி என் கட்டிலுக்கு அடியில இருக்கு. நான் எந்திரிச்சாத்தான் அது எந்திரிக்கும்.

எடைக்குப் போட மாட்டேன். அதை மட்டும் கேக்காதீங்க. மாப்பிள்ளை, கண்டெய்னர் வந்த அன்னிக்கு வீடியோவுல என்னைப் பாத்து, "மாமா, கதவு மூடற சத்தம் கேக்கணும், ஒருவாட்டி மூடிக் காட்டுங்க"ன்னு கேட்டாரு. மூணாங்கிளாஸ் பையன் மாதிரி.


பிப்ரவரி 1

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இருபது வருடமாகத் துணியோடு பழகியவள், எனக்கு ஒன்று தெரியும். நைந்த துணியில் தடித்த நூலால் தைத்தால் தையல் நிற்கும், துணி கிழியும். நீங்கள் ரெட்டைச் சிலிண்டர் மாட்டுகிறீர்கள். அது எதில் போய்ச் சேர்கிறது? அந்தப் பழைய உடம்பில்தானே? புதியது எத்தனை, பழையது எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். சாமர்த்தியப் பேச்சு வேண்டாம்.

இன்னொன்று. அதை ஓட்டிப் பார்த்தது யார்? யாரும் இல்லை என்றால் என் மகன்தான் முதல் ஆளா?

அவனோடு போனில் பேசினேன். அந்த வண்டியில் நீ உட்கார்ந்தால் நான் உன் மாமனார் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். "அம்மா, எனக்கு முப்பத்திநாலு வயசு" என்றான். "இருக்கட்டும், உங்கப்பா முப்பத்தஞ்சைத் தாண்டலை" என்றேன். அதற்கப்புறம் அவன் போனை எடுப்பதில்லை. உங்கள் மகள்தான் எடுத்து, "தூங்கறாரு அத்தை" என்கிறாள். பொய் சொல்லத் தெரியாத பெண், நீங்கள் எங்கிருந்து பெற்றீர்களோ.

மார்ச் இரண்டாம் தேதி வருகிறார்கள். எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். அவன் வரும்போது அந்த வண்டி கிளம்பக் கூடாது. எப்படி என்று எனக்குத் தெரியாது. ஊரைக் குழப்புவதில் நீங்கள்தானே கெட்டிக்காரர், இந்த ஒரு தடவை என் பக்கம் நின்று குழப்புங்கள்.

நான் இதுவரைக்கும் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. கல்யாணத்தில்கூட.


பிப்ரவரி 19

சம்பந்தியம்மா,

இந்தக் கடுதாசியை உக்காந்து படிங்க. தையல் மிஷின்ல காலை வெச்சுக்கிட்டுப் படிக்காதீங்க.

ஓட்டிப் பாத்தது யாருன்னு கேட்டீங்க. நான்தான். ஊருக்கு வெளிய ஒரு பழைய சிமெண்டு குடோன் இருக்கு. அதுக்கு இறங்கற ரோடு நல்ல சரிவு. கீழ போய் குடோன் சுவத்துல முடியும். ஆள் நடமாட்டம் கிடையாது. கம்பவுண்டர் மேல நின்னு யாரும் வராமப் பாத்துக்கிட்டாரு. "ஏதாவது ஆச்சுன்னா கட்டுப் போடத் துணி இருக்கா?"ன்னு கேட்டேன். "உமக்குப் போடணும்னா போர்வைதான் ஓய்"னாரு.

முதல்வாட்டி மெதுவா இறங்கினேன், நின்னுச்சு. ரெண்டாவதுவாட்டி கொஞ்சம் வேகம், நின்னுச்சு. எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. மூணாவதுவாட்டி இளவட்டம் மாதிரி விட்டேன். பாதி வழியில மிதிச்சேன். 'டப்'புன்னு காலுக்கடியில ஏதோ விட்டுச்சு. மிதி கீழ போச்சு.

அந்த நேரத்துல என் பொண்டாட்டி நினைப்பு வரலை, மக நினைப்பு வரலை. ரோட்டுல அடுக்கி வெச்ச ரொட்டிதான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு.

இன்னும் அழுத்தினேன். மிதி ஏறக்குறையத் தரைக்கிட்ட போனதும், அங்க ஒரு பிடிப்பு கிடைச்சுது. பின் சக்கரம் ரெண்டும் இறுகி, டயர் கதறி, எருமை குண்டியைக் குலுக்கிக்கிட்டே போய் நின்னுச்சு. இறங்கிப் பாத்தேன். மூக்குக்கும் சுவத்துக்கும் நடுவுல என் கை போச்சு, தோள் போகலை.

நீங்க சொன்னதுதான் நடந்திருக்கு. சிலிண்டர் புதுசு, பின்னாடி குழாய் புதுசு. முன்னாடி போற குழாய் மட்டும் பாக்க நல்லா இருந்துச்சு, அசல் அந்தக் காலத்துச் சரக்கு, அழகா வளைச்சிருந்தான். மனசு வராம விட்டுட்டேன். புதுச் சிலிண்டர் தள்ளின தள்ளுல அது பிளந்துபோச்சு. நைஞ்ச துணி, தடிச்ச நூலு. டிங்கர் வேலையைத் தையல்கடையில கத்துக்கிட்டேன், வெளிய சொல்லிடாதீங்க.

முன் லைன் செத்துப்போச்சு. பின் லைன் நிறுத்திச்சு. ஒத்தை லைனா இருந்திருந்தா இந்தக் கடுதாசியைக் கம்பவுண்டர் எழுதியிருப்பாரு.

இப்ப எல்லாக் குழாயும் புதுசு. பழசுன்னு பிரேக்குல ஒரு திருகாணி கிடையாது. மறுபடி அதே சரிவுல, அதே வேகத்துல விட்டேன். நடுரோட்டுலயே நின்னுச்சு.

ஆனா நான் செஞ்ச வேலைக்கு நானே சாட்சி சொன்னா அது செல்லாது. அதனால இந்தப் பார்சல். பிரிச்சா உள்ள ஒரு சின்னக் கட்டை இருக்கும், கட்டைவிரல் தண்டி, மேல பித்தளைத் தகடு. பேரு ரோட்டர். எட்டு சிலிண்டருக்கும் நெருப்பைப் பங்கு வெக்கறது அதுதான். அது இல்லேன்னா மாப்பிள்ளை தலைகீழா நின்னாலும் எருமை உறுமாது. இந்த வண்டிக்கு இந்த ஊர்ல வேற கிடைக்காது. வெளியேர்ந்து வரவழைக்கறதுக்குள்ள லீவு தீந்துடும்.

உங்க பக்கம் நிக்கச் சொன்னீங்க, நின்னாச்சு. இனிமே எருமை ஓடணுமா வேண்டாமாங்கறது உங்க கையில இருக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன். அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.


மார்ச் 5

சம்பந்திக்கு,

பார்சல் வந்தது. பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கறுப்புக் கோட்டுப் பட்டன்களுக்கு நடுவே கிடக்கிறது.

வண்டி பாதி வழியில் 'டப்' என்ற இடத்தில் கடிதத்தை மூடிவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். உங்களைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. நேரில் திட்டுகிறேன். உங்களுக்கு என்ன வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

பிள்ளைகள் இரண்டு பேரும் முந்தாநாள் இங்கே வந்தார்கள். அவன் என்னோடு பேசினான், ஆனால் அளந்து பேசினான். சாப்பாடு நன்றாக இருக்கிறது, கடையில் கூட்டம் எப்படி, முதுகு வலி பரவாயில்லையா. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நீயும் வாயேம்மா" என்றான். வரவில்லை என்றேன். "ஏன்னு கேக்க மாட்டேன்" என்றான். "கேக்காதே" என்றேன். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் பட்டன் டப்பா அவன் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பட்டன் அறுந்த சட்டையோடுதான் நின்றான். தைத்துத் தருகிறேன் கழற்று என்று சொல்ல வாயெடுத்தேன். டப்பாவைத் திறக்க வேண்டுமே என்று சொல்லவில்லை. மகனைப் பட்டன் இல்லாமல் அனுப்பிய தையல்காரி நான்.

இன்று அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள். சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.


மார்ச் 9

சம்பந்தியம்மா,

சொல்லலை. ஆனா இனி எத்தனை நாள் தாங்குவேன்னு தெரியலை.

வந்த அன்னிக்கு மாப்பிள்ளை வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. கதவைத் திறந்து மூடினாரு. மறுபடி திறந்து மூடினாரு. என் மக என்னைப் பாத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

அப்புறம் சாவியைத் திருப்பினாரு. இஞ்சின் கிர்ரு கிர்ருன்னு சுத்துது, பிடிக்கலை. பேட்டரி மாத்தினாரு. பிளக்கு எட்டையும் கழட்டித் துடைச்சாரு. நான் ஸ்டூல்ல உக்காந்து காது கேக்காத மாதிரி இருந்தேன். அதுக்கு மட்டும் நடிக்க வேண்டியதில்லை. மறுநாள் ரோட்டர் இருக்கற மூடியைக் கழட்டிட்டாரு.

"மாமா, ரோட்டர் எங்க?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும் மாப்பிள்ளை."

"விளையாடாதீங்க மாமா. நான் வர்றதுக்கு முன்னாடி ஓடிச்சுன்னு கம்பவுண்டர் சொல்றாரு."

"கம்பவுண்டர் பேச்சை நம்பினா ஜுரம்தான் வரும்."

முகம் சிவந்துபோச்சு. அப்ப ஒண்ணு சொன்னாரு. "ஒரு வருஷமா உங்ககிட்ட விட்டேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும். உங்களுக்கு இதெல்லாம் வராதுன்னா வராதுன்னு சொல்லியிருக்கலாம்"னாரு. என் மகளை வெச்சுக்கிட்டே சொன்னாரு. நான் சிரிச்சேன். சிரிச்சுட்டுப் பின்பக்கம் போய் பக்கெட்டுல தண்ணி பிடிச்சு, ஏற்கெனவே கழுவின கையைக் கழுவினேன்.

அதைத் தாங்கிக்கலாம். எருமை மேல மழை பேஞ்ச மாதிரி இருந்துக்கலாம். ஆனா இன்னிக்கு வேற ஒண்ணு கிளம்பியிருக்கு. பெரிய ஊர்ல ஒரு பட்டறைக்காரன்கிட்டப் பேசிட்டாரு. சனிக்கிழமை லாரி வருது, எருமையைத் தூக்கிட்டுப் போக. அவன் ரோட்டரைக் கடைஞ்சே மாட்டிடுவானாம். கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டியும் போகுது. பெரிய கார்பரேட்டரைப் போட்டு இஞ்சினை முறுக்குவான். பிரேக்குல கையை வெக்கமாட்டான்னு என்ன நிச்சயம்? எடை குறைக்கறேன்னு எதைக் கழட்டுவான்? நான் பக்கத்துல இருக்கமாட்டேன். நீங்களும் இருக்கமாட்டீங்க.

டப்பா உங்ககிட்ட இருக்கு. ஆனா சனிக்கிழமைக்கு அப்புறம் அந்த டப்பாவுக்குள்ள வெறும் பட்டன்தான்.

உங்க ஊருக்குப் பஸ்ல வர்ற தெரிஞ்ச கண்டக்டர் கையில இதைக் குடுத்தனுப்பறேன். பதிலையும் அவர்கிட்டயே குடுங்க.


மார்ச் 11

சம்பந்திக்கு,

அவன் உங்களைப் பேசியதற்கு நான் வெட்கப்படுகிறேன். அதற்குக் காரணம் நான். அதை அவனிடம் நானே சொல்வேன்.

நாளை மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். வெள்ளிக்கிழமை. லாரிக்கு ஒரு நாள் முன்னால். ரோட்டர் என் இடுப்புப் பையில் இருக்கும். வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னது பட்டறை வாசலுக்குப் பொருந்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள், வார்த்தைக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று.

என் நிபந்தனைகள் இவை. அந்தப் பெட்டி திறக்கப்படக் கூடாது. லாரி வேண்டாம் என்று அவனே தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் குடோன் சரிவுக்குப் போகிறோம். அவன் ஓட்டட்டும். பக்கத்தில் நான் உட்காருகிறேன். இத்தனை வருடம் அந்த மிதி தரைவரைக்கும் போனதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணை மூடினால் அதுதான். என் கண்ணால் ஒருமுறை அது நிற்பதைப் பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அவன் தனியாகப் போக வேண்டாம்.

நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யோசித்தேன். நான் தைத்த ரவிக்கை பொருந்தவில்லை என்றால் உள்ளறையில் போய் ஒளிய மாட்டேன். வாடிக்கையாளருக்கு எதிரே நின்று வாங்கிக்கட்டிக்கொள்வேன். பிரேக் உங்கள் கைவேலை. ஆகவே சம்பந்தி, நீங்கள் கீழே, அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும்.

முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் பஸ்ஸில் இடம் போட மாட்டேன்.


மார்ச் 12

சம்பந்தியம்மா,

இடம் போடுங்க. நிக்கறேன்.

சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டு நிக்கறேன். முழங்காலைச் சாக்கு வெச்சு நகர மாட்டேன்.

ஒரே ஒரு சிக்கல்தான். மேலேர்ந்து பாத்தா நான் நிக்கறது மாப்பிள்ளைக்கு நல்லாத் தெரியும். என்னதான் கோவம் இருந்தாலும் மாமனாராச்சே, மெல்ல உருட்டிக்கிட்டு வருவாரு. மெல்ல வந்தா எல்லா வண்டியும்தான் நிக்கும், தள்ளுவண்டிகூட நிக்கும். அதைப் பாத்து உங்களுக்கு என்ன நம்பிக்கை வரப்போகுது?

அதனால பாதிச் சரிவுல நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும். நான் சொன்னா எடுபடாது. நீங்க, உங்க வாயால, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போடா"ன்னு சொல்லணும்.